கடிவாளம் யார் கையில்?

(தலைப்பு: 'குதிரைப் பந்தயத்துக்குத் தேவை கடிவாளமா? கதவடைப்பா?' 'கடிவாளமே!' என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கதவை இழுத்துச் சாத்துவதற்காகப் பூட்டும் சாவியுமாக வந்திருக்கிற எதிரணி நண்பர்களே, கடிவாளத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிற எங்கள் அணித் தோழர்களே, அரங்கிலும் உங்கள் வீட்டுக் கூடத்திலும் அமர்ந்து கேட்கிற அன்பர்களே!

இந்தத் தலைப்பில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி கேட்டாள்: "குதிரையைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், முப்பது வருஷமா நளன் கதை நடத்துறேன். நளனைவிடக் குதிரை தெரிஞ்சவன் யாரு?" என்றேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "அவர்தானே கட்டின புடவையோட பொண்டாட்டியக் காட்டுல விட்டுட்டுப் போனாரு?" (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அவள் விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் இன்றைய பட்டிமன்றமே அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. நளன் குதிரையில் தோற்கவில்லை, சூதில் தோற்றான். குதிரை ஓட்டுவதில் அவனுக்கு நிகர் யாருமில்லை. அந்தத் திறமை, காய் உருட்டும்போது அவனைக் காப்பாற்றவில்லை. பின்னாலே இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகப் போய், குதிரை வித்தையைக் கொடுத்துச் சூது வித்தையை வாங்கிக் கொண்டான் என்கிறது கதை. இரண்டும் வேறு வேறு வித்தை! குதிரைப் பந்தயம் என்பது இந்த இரண்டையும் ஒரே மைதானத்தில் கட்டிப் போட்ட தொழில். ஓடுவது வித்தை. கட்டுவது ஆசை. அதனால்தான் அதைச் சும்மா விடவும் முடியவில்லை, சட்டென்று மூடவும் முடியவில்லை.

எதிரணியிலே பேசிய அம்மையார் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார்கள். 94ஆம் அதிகாரம், சூது. வெற்றியே கிடைத்தாலும் சூதை விரும்பாதே, அந்த வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு என்கிறார் வள்ளுவர். அம்மா, தலைவணங்குகிறேன். ஆனால் வள்ளுவர் அதை யாருக்குச் சொன்னார்? மீனுக்குச் சொன்னார்! "விழுங்காதே" என்றார். நம்முடைய கேள்வி வேறு. கரையிலே தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவனை என்ன செய்வது? நீங்கள் குளத்தை மூடிவிடலாம் என்கிறீர்கள். அவன் அடுத்த குளத்துக்குப் போவான். அங்கே விளக்கு வெளிச்சமும் இருக்காது. (கைதட்டல்)

இது நான் புத்தகத்தில் படித்தது இல்லை, என் வீட்டிலே பார்த்தது.

என் தாய்மாமா ஒருவர். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஒரு எழுத்துப் பிழை விடமாட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு பிழை, சனிக்கிழமை. அவர் பந்தய மைதானத்துக்கு உள்ளே போனதே கிடையாது. தெருமுனை டீக்கடையில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். லைசென்சு கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. குதிரையின் பேரைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தால், சிகரெட் அட்டையைக் கிழித்து எண் எழுதிக் கொடுப்பான். அதுதான் ரசீது.

ஒரு வாரம் மாமாவின் குதிரை ஜெயித்துவிட்டது. நல்ல தொகை. அத்தையின் இரண்டு வளையலை மீட்டுவிடலாம் என்று ஓடுகிறார். டீக்கடை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, ஆள் இல்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அப்போது கல்லூரி மாணவன். ஆவேசமாகச் சொன்னேன்: "மாமா, போலீஸ்ல புகார் கொடுப்போம்." மாமா என்னைப் பார்த்தார். "என்னன்னுடா எழுதுறது? 'ஐயா, நானும் அவனும் சேர்ந்து ஒரு குத்தம் செஞ்சோம், அதுல என் பங்கு வரலை'ன்னா?" (சிரிப்பு)

இப்போது நாம் சிரிக்கிறோம். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அத்தை ஒரு வார்த்தை சொன்னார்கள்: "குதிரையாவது ஓடி முடிச்சு லாயத்துக்குத் திரும்பிருச்சு. என் வளையலு ஓடுனது ஓடுனதுதான்."

நடுவர் அவர்களே, கள்ளப் பந்தயத்தில் ஏமாந்தவனுக்குப் புகார் கொடுக்க வாய் கிடையாது. இதுதான் கதவடைப்பின் முதல் பலன். கதவைச் சாத்தினால் கொசு உள்ளே வராது என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பவன் போடுகிற கூச்சலும் வெளியே கேட்காது என்பதை மறந்துவிடுகிறோம்.

"லாட்டரியை ஒழித்தோமே" என்றார் எதிரணித் தம்பி. உண்மைதான். 1968இல் அரசே பரிசுச் சீட்டு விற்றது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. நல்ல காரியம், பல குடும்பங்கள் பிழைத்தன. மறுக்கவில்லை. ஆனால் தம்பி, 'மூணு நம்பர் லாட்டரி விற்றவர் கைது' என்ற செய்தி அதற்குப் பிறகு நின்றுபோய்விட்டதா? நீங்களே படித்திருப்பீர்கள். மேலும் லாட்டரிச் சீட்டு ஒரு காகிதம், தடை செய்தால் எரித்துவிடலாம். குதிரைக்கு உயிர் இருக்கிறது, லாயத்திலே ஆள் இருக்கிறான். பெங்களூரிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் மைதானம் இருக்கிறது. இங்கே கதவைச் சாத்தினால் அங்கே ஓடுகிற குதிரைக்கு இங்கே டீக்கடையில் பணம் கட்டுவான். கைபேசி வந்த பிறகு டீக்கடைகூட வேண்டியதில்லை.

மூடிப் பார்க்கவில்லையா நாம்? பார்த்தோம். நம்முடைய அரசியல் சட்டம் 'பந்தயமும் சூதாட்டமும்' என்ற பொருளை மாநிலப் பட்டியலிலே வைத்திருக்கிறது. அந்த அதிகாரத்தில் 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. கிளப் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டத்துக்குத் தடை. 1986இல் அந்தக் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். அதற்கும் வழக்கு. கடைசியில் 1996 ஜனவரி 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமையை முதன்மையாகக் கொண்ட ஆட்டம். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம், இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் ஒருவன் பணம் கட்டுகிறான் என்றது. 1974 சட்டம் இதற்குப் பொருந்தாது என்றும், 1986 சட்டம் செல்லாது என்றும் முடித்தது.

இருபத்திரண்டு வருஷம்! ஒரு பிள்ளை பிறந்து, படித்து, பட்டம் வாங்கிவிடும். அத்தனை வருஷமும் நாம் கேட்ட கேள்வி 'மூடலாமா, கூடாதா?' என்பதுதான். 'திறந்திருக்கும்வரை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?' என்ற கேள்வி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது.

சரி, தீர்ப்பின்படி அது திறமை. நான் ஏற்கிறேன். என் மாமாவுக்கு அந்தத் திறமை இருந்ததா? அவர் அந்தக் குதிரையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பெயர் நன்றாக இருக்கிறது என்று கட்டினார். (சிரிப்பு)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கடிவாளம், கடிவாளம் என்கிறோமே, எதிரணித் தலைவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, பந்தயத்தில் மோசடி செய்கிறவனும் கடிவாளத்தைத்தானே பயன்படுத்துகிறான்?" நூற்றுக்கு நூறு சரி. குதிரைப் பந்தயத்தில் ஏமாற்ற வேண்டுமென்றால் ஒரு குதிரையை ஜெயிக்க வைக்க வேண்டியதில்லை, அது கஷ்டம். ஜெயிக்கிற குதிரையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும், அது சுலபம்.

யாருக்கு அதில் லாபம்? இங்கே இரண்டு வகைப் பந்தயம் உண்டு. ஒன்று டோட். எல்லாருடைய பணமும் ஒரே பானையில் விழுகிறது. வரியும் கிளப்பின் பங்கும் போக மிச்சத்தை ஜெயித்தவர்கள் பிரித்துக் கொள்கிறார்கள். எந்தக் குதிரை வந்தாலும் பானைக்கு நட்டமில்லை. இன்னொன்று புக்கி. அவன் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஊரெல்லாம் ஒரே குதிரையில் கட்டியிருந்தால், அந்தக் குதிரை வந்துவிட்டால் அவன் தலையில் துண்டு. அப்போது அவனுக்கு அந்தக் குதிரை வரக்கூடாது என்று ஆசை வரும். ஆசை வந்தால் ஆள் தேடுவான். அதனால்தான் பந்தயத்தைப் படம் பிடிக்கிறார்கள், ஓடி முடித்ததும் ஜாக்கியைத் தராசில் நிறுத்துகிறார்கள், குதிரையின் சிறுநீரைச் சோதனைக்கு எடுக்கிறார்கள், சந்தேகம் வந்தால் ஸ்டூவர்டு என்கிற நடுவர்கள் விசாரிக்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நடுவர்களை நியமிப்பது யார்? பந்தயம் நடத்துகிற கிளப்! நடுவர் அவர்களே, இன்றைக்கு உங்களை எங்கள் அணியே நியமித்து, சாப்பாடும் போட்டு, பயணப்படியும் கொடுத்திருந்தால் எதிரணி ஒப்புக்கொள்ளுமா? (கைதட்டல்) நீங்கள் நேர்மையானவராகவே இருக்கலாம். எதிரணிக்கு நம்பிக்கை வரவேண்டாமா? இங்கிலாந்திலே ஜாக்கி கிளப் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தானே பந்தயமும் நடத்தி, தானே நீதியும் சொல்லி வந்தது. அவர்களே கடைசியில் அந்த நீதிபதி வேலையைத் தனியே பிரித்தார்கள். 2006இலிருந்து அதற்குத் தனி ஆணையம்.

"அப்படியானால் அரசே பார்த்துக்கொள்ளட்டும்" என்பீர்கள். அங்கேயும் ஒரு சிக்கல். அரசுக்கு இதில் வரி வருகிறது. 2017இலிருந்து பந்தயத் தொகைக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். கெட்ட பழக்கத்துக்கு வரி போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வரியையே கண்காணிப்பு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. வரி ஏறினால் நேர்மையான ஜன்னலில் கட்டுகிறவன் கை சுடுகிறது. டீக்கடைக்காரன் என்ன சொல்வான்? "சார், நம்ம கடையில ஜி.எஸ்.டி. கிடையாது!" (சிரிப்பு) உண்டியலைக் கையில் வைத்திருப்பவன், கூட்டம் குறையவேண்டும் என்று ஒருநாளும் வேண்டிக்கொள்ள மாட்டான்.

அரசின் கண் எப்படித் தூங்கும் என்பதற்கு நம் கிண்டியே சாட்சி. 160 ஏக்கருக்கு மேல். 1940களில் 99 வருஷக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். மாதத்துக்கு இல்லை ஐயா, வருஷத்துக்கு! சென்னையிலே வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் நெஞ்சைப் பிடித்துக் கொள்ளுங்கள். 1970இல் வாடகையை உயர்த்தப் போனார்கள், வழக்கு வந்தது. 2023 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. மறுபடி வழக்கு. அதே 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. எதிரணி நண்பர்கள் இதைக் காட்டி "பார்த்தீர்களா, கதவடைப்பு!" என்றார்கள். நான் கேட்கிறேன், அது பொதுமக்கள் நிலம். 1970லிருந்து ஒரு சுதந்திரமான கண் அதன் மேல் இருந்திருந்தால் பாக்கி இவ்வளவு ஏறியிருக்குமா? ஐம்பது வருஷம் தூங்கிவிட்டு எழுந்ததும் பூட்டுப் போடுவதற்குப் பெயர் விழிப்பு இல்லை.

அப்படியானால் யார் பார்க்கவேண்டும்? கிளப்பும் இல்லை, வரி வாங்குகிற கையும் இல்லை. மூன்றாவது கண் வேண்டும். நெற்றிக்கண் என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

அந்த மூன்றாவது கண் கற்பனை இல்லை. அமெரிக்காவிலே மாநிலத்துக்கு ஒரு விதி. இந்த மாநிலத்தில் கூடாத மருந்து அடுத்த மாநிலத்தில் கூடும். என்ன ஆயிற்று? கலிபோர்னியாவில் சாண்டா அனிடா என்ற ஒரே மைதானத்தில், 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை 30 குதிரைகள் செத்தன. நாடே அதிர்ந்தது. 2020இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. ஒன்பது பேர் கொண்ட ஆணையம். அதில் ஐந்து பேர் பந்தயத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள். கவனியுங்கள், பெரும்பான்மை வெளியாட்கள்! அந்த ஆணையத்துக்கு மேலே இன்னொரு அரசு அமைப்பு. 2022இல் மைதானப் பாதுகாப்பு விதிகள், 2023இல் ஊக்கமருந்து விதிகள். ஜாக்கி ஒரு பந்தயத்தில் ஆறு முறைக்கு மேல் சாட்டையைப் பயன்படுத்தக் கூடாது.

பலன் உண்டா? 2009இல் அமெரிக்காவில் ஆயிரம் குதிரைகள் ஓடினால் இரண்டு செத்தன. 2024இல் அந்த ஆணையத்தின் கீழ் உள்ள மைதானங்களில் அது 0.90. பாதிக்கும் கீழே. இன்னும் ஒரு குதிரை சாகத்தான் செய்கிறது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எண்ணினார்கள், எண்ணியதை ஊருக்குச் சொன்னார்கள், அதனால் குறைந்தது. எண்ணாத சாவு குறையாது ஐயா. (கைதட்டல்)

நம் பாண்டிய நாட்டுக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அரிமர்த்தன பாண்டியன் சபையில் குதிரைகள் வந்து நிற்கின்றன. பகலிலே தட்டிப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், அருமையான பரி என்று கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள். ராத்திரி என்ன ஆயிற்று? எல்லாம் நரி! ஊளையிட்டதோடு விட்டதா? லாயத்திலே இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறியது. அது இறைவன் திருவிளையாடல். ஆனால் தணிக்கை அதிகாரிகளுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: பகலில் மட்டும் பார்க்காதே! பந்தய நாளன்று மட்டும் சோதித்தால் குதிரை பரியாகத்தான் தெரியும். ஊசி போடுவது முந்தின வாரம், லாயத்திலே. அதனால்தான் புதிய விதிகளில் பந்தயம் இல்லாத நாளிலும் போய்ச் சோதிக்கிறார்கள்.

2021 மே மாதம் கென்டக்கி டெர்பியில் மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை முதலாவதாக வந்தது. பந்தய நாளில் உடம்பில் இருக்கக்கூடாத மருந்து அதன் இரத்தத்தில் இருந்ததாகப் பரிசோதனை சொன்னது. 2022 பிப்ரவரியில் வெற்றியைப் பறித்துக் கொண்டார்கள். ஆனால் பறிப்பதற்கு முன்பே, 2021 டிசம்பரில், பயிற்சி ஓட்டத்தின்போது அந்தக் குதிரை விழுந்து செத்துவிட்டது. ஜெயித்ததும் அதற்குத் தெரியாது, தோற்றதும் தெரியாது. மருந்தை அது கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் வக்கீல் இருந்தார்கள், குதிரைக்குத்தான் இல்லை.

பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கிறது. சில வருஷத்தில் ஓய்வு. அதன் ஆயுள் இருபத்தைந்து, முப்பது வருஷம். எனக்காவது பென்ஷன் உண்டு. இருபது வருஷம் அது எங்கே நிற்கும், யார் கொள்ளு வைப்பார்கள்? கதவை அடைக்கச் சொல்பவர்கள் அந்தக் குதிரைகளை எந்தக் கதவுக்குள் கட்டப் போகிறீர்கள்?

இதே தமிழ்நாட்டில் 2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தபோது நாம் என்ன கேட்டோம்? மூடாதீர்கள், முறைப்படுத்துங்கள் என்று 2017இல் மெரினாவில் நின்று கேட்டோம். சட்டம் வந்தது. மாட்டுக்கு மருத்துவச் சோதனை, கலெக்டர் அனுமதி, தடுப்பு வேலி. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. காளைக்கு ஒரு நியாயம், குதிரைக்கு ஒரு நியாயமா? அதில் பணம் கட்டுவதில்லை, இதில் கட்டுகிறார்கள் என்பீர்கள். அதனால்தான் இதற்கு இன்னும் இறுக்கமான கடிவாளம் கேட்கிறேன்.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணியடித்துவிட்டார்கள். முடித்துவிடுகிறேன். குதிரைக்காகப் பேசினேன், வீட்டுக்காகப் பேசாமல் இறங்கினால் என் அத்தை மன்னிக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் சூதாட்ட விடுதிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. சூதில் வீட்டை அழிக்கிறவனின் மனைவியோ தாய் தகப்பனோ பிள்ளையோ விண்ணப்பம் கொடுக்கலாம். விசாரித்து, நியாயம் என்று தெரிந்தால், அந்த ஆள் உள்ளே நுழையக்கூடாது என்று உத்தரவு போடுகிறார்கள். அதே ஊரில் 1842இல் ஆரம்பித்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு நின்றது. யாரும் சூது என்று தடை போடவில்லை. கூட்டம் குறைந்தது, நிலம் வேறு தேவைக்கு வேண்டியிருந்தது, முன்கூட்டியே நாள் சொல்லி நிறுத்தினார்கள். முடிவதென்றாலும் அப்படி முடியட்டும், பொறுப்போடு.

யோசித்துப் பாருங்கள். மைதானத்தில் கிளப்புக்கு இருக்கை உண்டு, முதலாளிக்கு உண்டு, புக்கிக்கு உண்டு, வரி அதிகாரிக்கு உண்டு. பணத்தை இழக்கிற வீட்டுக்கு மட்டும் அங்கே இருக்கை கிடையாது. நான் கேட்கிற கடிவாளம் அந்த வீட்டுக்கு ஒரு இருக்கை, வாயில்லாத குதிரைக்கு ஒரு வக்கீல், இரண்டுக்கும் நடுவே யாரிடமும் சம்பளம் எதிர்பார்க்காத ஒரு கண். அவ்வளவுதான்.

என் அத்தை கடைசிவரை கையில் ரப்பர் வளையல்தான் போட்டிருந்தார்கள். மாமாவின் சம்பளத்தைச் சனிக்கிழமை சாயங்காலம் அச்சக வாசலிலேயே நின்று வாங்கி வந்துவிடுவார்கள். தடையும் போடவில்லை, தத்துவமும் பேசவில்லை. வாசலில் நின்றார்கள். மாமா மெல்ல மெல்ல மாறினார். அரசாங்கம் அந்த அம்மாவிடம் பாடம் படித்தால் போதும். கதவைப் பூட்டாதீர்கள், வாசலில் நில்லுங்கள்!

குதிரைப் பந்தயத்துக்குத் தேவை கடிவாளமே, அந்தக் கடிவாளம் நேர்மையான கையில் இருக்க வேண்டும் என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் என நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)